காத்துல இருந்து எடுத்தது

சித்த நவுந்து உக்காருங்க. இல்லீங்க, இந்தப் பெட்டியை மேல வைக்க முடியாது, மடியிலதான் வச்சுக்கணும். உள்ள கண்ணாடிக் குடுவை இருக்குது. நீங்க எதுவரைக்கும், நாமக்கல்லுங்களா? மகளு அங்க ஹாஸ்டல்ல படிக்குதா? நல்லதாப் போச்சு. மதுரையில ஏறுனதுல இருந்து பக்கத்துல ஒருத்தரு தூங்கித் தூங்கி எம்மேல சாஞ்சுட்டே வந்தாரு. அவரு திண்டுக்கல்ல எறங்குனாரு, நீங்க ஏறுனீங்க. எனக்கு யாருகிட்டயாவது பேசலைன்னா நெஞ்சு வெடிச்சுரும்போல இருக்குது.

நான் பூங்கோதை. நாமக்கல்லுக்குப் பக்கத்துல ஒரு இன்சினியரிங் காலேஜுல கெமிஸ்ட்ரி புரொபசர். உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். கூடப் பொறந்தவளாட்டம் வீட்டோட வச்சு சோறு போட்ட பொண்ணு, பின்னால நின்னு முதுகுல குத்திட்டுப் போயிட்டா. போனவளைப் பத்தி இன்னொருத்தங்க உங்களுக்குப் போன் பண்ணி, 'அந்தப் பொண்ணு எப்படிங்க, எங்க லேப்ல சேத்துக்கலாமா'ன்னு கேட்டா, என்ன சொல்லுவீங்க? இன்னிக்குக் காலையில எனக்கு அந்தப் போன் வந்துச்சு. திருநெல்வேலியில ஒரு மேடம். 'உங்க வார்த்தையை வச்சுத்தான் முடிவு பண்ணப் போறேன்'னாங்க. நாளைக்குக் காலையில சொல்றேன்னேன். காலையில நல்லா வார்த்தை சொல்லப் போறேன். இனி எந்த லேப் வாசப்படியையும் அவ மிதிக்கக் கூடாது. மதுரையில இருந்து அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வர்றேன்.

அப்படி என்ன பண்ணுனான்னு கேளுங்க. அதுக்கு மொதல்ல இந்தப் பெட்டி என்னன்னு தெரியோணும்.

காட்டுக்குப் போடற யூரியா இருக்குதில்ல, அது அமோனியாவுல இருந்து வருது. அமோனியா நைட்ரஜன்ல இருந்து வருது. நைட்ரஜன் காத்துல ஓசியாக் கெடக்குது, முக்கால்வாசிக் காத்து அதுதான். ஆனா அதுல ரெண்டு அணுவும் ஒண்ணை ஒண்ணு கட்டிப் புடிச்சுட்டு இருக்கற புடி இருக்குதே, புதுசாக் கல்யாணம் ஆன சோடிகூட அப்படி இருக்காது. ஃபேக்டரியில தீயா எரிச்சு, அழுத்து அழுத்துன்னு அழுத்தித்தான் அதைப் பிரிக்கறாங்க. நான் என்ன பண்ணுனேன்னா, வெயிலு, ஒரு பொடி, ஒரு ஆட்டு. அவ்வளவுதான். கேஸ் லைட்டரை அமுத்துனா டக்குன்னு பொறி வருதில்லீங்களா? அதுக்குள்ள ஒரு கல்லு இருக்குது, அமுத்துனா கரண்டு வரும். என்ற பொடியும் அந்த இனந்தான். தண்ணியில கலக்கி வெயில்ல வச்சா பாதி வேலை நடக்கும், ஆட்டிட்டே இருந்தா மீதி வேலையும் நடக்கும். ஆட்டறதுக்கு எங்க தீவன மில்லுல சல்லடையை ஆட்டற மோட்டாரைக் கழட்டிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரரு அதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுட்டே திரிஞ்சாரு.

காத்துக்கு? மீன் தொட்டியில குமிழு விடற பம்பு. எல்லாரும் சிலிண்டர்ல சுத்தமான நைட்ரஜனை வாங்கி விடுவாங்க. நான் காலேஜு மொட்டை மாடியில வச்சு எங்க ஊரு காத்தையே உள்ள விட்டேன். அதுதான் என்ற ரோசனை. காடு தோட்டம் வச்சிருக்கறவன் சிலிண்டருக்கு எங்க போவான்? அவனவன் தோட்டத்துல இந்தப் பெட்டியை வச்சுட்டா அவனவன் உரம் அவனுக்கு. எங்கப்பாரு உரக்கடை முன்னால வரிசையில நின்னதை நான் பாத்திருக்கறேனுங்க. இது எனக்கு வெளையாட்டில்ல.

அந்தப் பொண்ணு பேரு ஷெர்லின். மார்த்தாண்டம் பக்கம். எங்கிட்ட பி.எச்டி. பண்ண வந்தா. ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்காதுன்னு எங்க வீட்டு மாடி ரூமையே குடுத்தேன். காலேஜுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல எங்க கோழிப்பண்ணைதான். நீளநீளமா செட்டு, முட்டைக் கோழி. ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் காலேஜுக் காம்பவுண்டு. நடந்தே போயிரலாம். தெனமும் காலையில அவளுக்கு ரெண்டு முட்டை, சூடா. பெத்த மகளுக்குக்கூட நான் உரிச்சுக் குடுத்ததில்ல, அவளுக்கு உரிச்சுக் குடுத்திருக்கறேன்.

வந்த மொத நாளு, பொட்டியைக்கூட எறக்கல, என்ன சொன்னா தெரியுங்களா? 'அக்கா, இங்க எப்பவும் இப்படி ஒரு வாடை அடிக்குமா'ன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. சோறு போடற வீட்டு வாசல்ல நின்னுட்டு வாடைங்கறா. நான் ஒண்ணும் காட்டிக்கல. ஊரு புதுசு, கடலோரத்துக்காரி, கருவாடெல்லாம் மணக்கும், எங்க கோழிதான் அவளுக்கு நாறுதாக்கும்னு மனசுல நெனச்சுட்டு, காப்பி குடிக்கறியான்னு கேட்டேன். அப்படி உட்டுக் குடுத்துப் போனவ நான்.

சரி. பெட்டி தயாராச்சு. நல்ல சித்திரை வெயிலு. மாடியில வச்சு மோட்டாரை ஓட்டுனோம். சாயந்தரம் தண்ணியை எடுத்து மருந்து ஊத்துனோம். அமோனியா இருந்தா நீலமாகற மருந்து. ஊத்திட்டு ரெண்டு பேரும் மூச்சு விடாம நிக்கறோம். நீலம். லேசா இல்லீங்க, நல்ல ஊதாப் புடவைக் கலருக்கு வந்து நின்னுச்சு. ஷெர்லின் என்னைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டா. நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யுன்னு நான் சொல்லல. அன்னிக்கு அவ எம் பொண்ணுதான்.

அதுக்கப்பறம் தெனமும் நீலம். மத்தியானம் உச்சி வெயில்ல எச்சு நீலம், கார்த்திகைக் குளிர்ல கம்மி. வெயிலுக்குத் தகுந்த மாதிரி ஏறி எறங்குது பாருங்க, இதைவிட என்ன சாட்சி வேணும்? வெளிநாட்டுப் பத்திரிகையில பேப்பர் வந்துச்சு. என்ற பேரு, அடுத்தது அவ பேரு. காலேஜு கேட்டுல எம் போட்டோ போட்டு ஃபிளக்ஸ் வச்சாங்க. எங்கப்பாரு தெனமும் அந்த வழியா வண்டியை மெதுவா ஓட்டிட்டுப் போவாரு.

அப்பத்தான் அவளுக்குக் கெரகம் புடிச்சுச்சு. மொதல்ல, 'அக்கா, நைட்ரஜனே இல்லாம வேற வாயுவை விட்டு ஒருக்காப் பாக்கலாமா'ன்னா. எதுக்கு? நைட்ரஜன் இல்லைன்னா அமோனியா வராது, சின்னப் பசங்களுக்கே தெரியும். அதுக்கு எதுக்குச் சிலிண்டர் வாங்கோணும்னு உட்டுட்டேன். அப்பறம் ஒரு நாளு, ஒரு பீக்கர்ல வெறுந்தண்ணி எடுத்து மாடிச் சன்னல்ல வச்சிருக்கறா. பொடியும் இல்ல, ஆட்டும் இல்ல. சாயந்தரம் மருந்து ஊத்தி எங்கிட்ட கொண்டாந்து நீட்டறா. லேசா நீலம். கழுவாத பீக்கர்ல வச்சிருப்பே, போயி ஒழுங்காக் கழுவுன்னேன். கழுவி வச்சா. அதும் நீலம். நீ கழுவற லட்சணம் அப்படின்னேன். பீக்கரை எடுத்துட்டுப் போயிட்டா. நான் என்ன தப்பாச் சொன்னேன்? லேப்ல மொதப் பாடமே கழுவறதுதான்.

மாடிக்கு வர்றப்ப மூஞ்சியில மாஸ்க்கு வேற. செட்டுப் பக்கம் பாத்துட்டு, 'அக்கா, அந்தக் காத்துதானே பம்புல போகுது, வாடை வருதில்ல'ன்னு. மறுபடியும் வாடை. சாப்பிடறப்ப வாடை, மாடியில வாடை. ஒரு நாளு எங்க மாமியாரு முன்னாலயே சொல்லிட்டா. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்போல ஆயிருச்சு. எங்க செட்டு எப்படின்னு ஊருல போயிக் கேளுங்க. எருவைத் தேங்க உடமாட்டோம், சுண்ணாம்பு போடுவோம். ஏனுங்க, கோழி எருவுல அமோனியா வரும்னு கெமிஸ்ட்ரி புரொபசருக்குத் தெரியாதா? அதெல்லாம் நாறப் போட்டு வச்சிருக்கறவங்க பண்ணையில. நான் பொறந்ததுல இருந்து எங்க பண்ணையில ஒரு நாளு ஒரு வாடை பாத்ததில்ல. அமோனியா இருந்தா மூக்கு காட்டிக் குடுத்துருமுங்க. எத்தனை பசங்களுக்கு லேப்ல பாட்டிலைத் தொறந்து காட்டி, 'மோந்து பாருங்கடா, எந்த மெஷினும் இதைவிட வெரசாச் சொல்லாது'ன்னு பாடம் எடுத்திருக்கறேன். எங்க ஊருல வாடையே கெடையாது. நீங்கதான் வந்து போறவங்களாச்சே, சொல்லுங்க. பாத்தீங்களா, நீங்களே தலையாட்டறீங்க.

கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போறப்ப, சின்னதா ஒரு பெட்டி செஞ்சு அதே பொடியை எடுத்துட்டுப் போனா. நான் சந்தோசமாத்தான் அனுப்புனேன், லீவுலகூட வேலை பாக்கறாளேன்னு. திரும்பி வந்தவ மூஞ்சியே சரியில்ல. சாப்பிட உக்காந்தா, முட்டையை உரிச்சு வச்சேன், தொடல. கண்ணுல தண்ணி. 'அக்கா, எங்க வீட்டுல வரலைக்கா, ஒரு நாளும் வரலை'ங்கறா. இந்த வயசுப் பொண்ணு ஊருக்குப் போயிட்டு வந்து வரலை வரலைன்னு அழுதா என்னன்னு நெனப்பீங்க? எவனோ பொண்ணு பாக்க வர்றேன்னு சொல்லிட்டு வரலியாக்கும்னு நெனச்சுட்டேன். அவங்கம்மாவுக்குப் போன் போட்டு, 'கவலைப்படாதீங்க, எங்க காலேஜுலயே நல்ல பசங்க இருக்கறாங்க, நான் பாத்து முடிக்கறேன்'னு சொன்னேன். அந்த அளவுக்கு அக்கறை வச்சவளுங்க நான். அப்பறம் அவளே சொன்னா, பெட்டியைத்தான் சொல்றேன்னு. அடச்சீ, இதுக்கா அழுதே, உங்க ஊருல மழை மேகம், வெயிலு பத்தியிருக்காதுன்னு சொல்லித் தோள்ல தட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

மாசி மாசம் பிரின்சிபால் கூப்புடறாரு. போனா, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டறாரு. இவ அந்தப் பத்திரிகைக்கு எழுதியிருக்கறா. இது நைட்ரஜன்ல இருந்து வந்த அமோனியா இல்ல, சுத்துப்புறக் காத்துல ஏற்கெனவே இருக்கற அமோனியாதான் தண்ணியில கரையுது, வெயிலு ஏறுனா எருவுல இருந்து எச்சா வருது, அதனாலதான் மத்தியானம் எச்சா நீலம், இந்தப் பேப்பரை எடுத்துருங்கன்னு. என்ற சோத்தைத் தின்னுட்டு, என்ற வீட்டு மாடியில உக்காந்து எழுதியிருக்கறா. கீழ நான் அவளுக்குத் தோசை ஊத்திட்டு இருந்திருப்பேன். மேல அவ இதை எழுதிட்டு இருந்திருப்பா.

ஒண்ணுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. அந்தப் பேப்பர்ல அவ பேரும் இருக்குது. அதை எடுத்துட்டா அவளோட பி.எச்டி.யும் போச்சு, அத்தனை வருசமும் போச்சு. தெரிஞ்சேதான் எழுதியிருக்கறா. என்னைக் கெடுக்கறதுக்குத் தன்னையும் கெடுத்துக்கற அளவுக்கு வன்மம் பாருங்க.

வீட்டுக்கு வந்து கேட்டேன், நல்லாக் கேட்டேன். வாயில வந்ததெல்லாம் கேட்டேன். அவ அழுவல. 'அக்கா, உங்ககிட்ட எத்தனை தடவ சொன்னேன்'னா. எப்படி சொன்னே? வாடை வாடைன்னு சொன்னே. பீக்கரை நீட்டுனே. ஊருல வரலைன்னு அழுதே. நேரா உக்காந்து, உங்க வேலை தப்புன்னு ஒரு தடவை சொன்னியாடீன்னு கேட்டேன். அப்பறம் ரூமைக் கூட்டி, போர்வையை மடிச்சு வச்சுட்டு, எங்க மாமியாரு கால்ல உழுந்து கும்புட்டுட்டு, வந்த பொட்டியோட போயிட்டா. எங்கிட்ட வந்து போயிட்டு வர்றேன்க்கான்னா. நான் சுவத்தைப் பாத்து நின்னுட்டேன்.

பேப்பரை எடுத்துட்டாங்க. கேட்டுல இருந்த ஃபிளக்ஸைக் கழட்டி, அதே கம்பியில அட்மிசன் ஃபிளக்ஸ் கட்டிட்டாங்க. எங்கப்பாரு இப்ப வேற வழியாப் போறாரு, சுத்து. ஏங்கண்ணுன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல.

நான் உடறவளா? மதுரையில என்கூடப் படிச்ச சுந்தரவல்லி பெரிய லேப் வச்சிருக்கறா. அங்க போயி, அவ கண்ணு முன்னாலயே நீலம் காட்டி, அதை எழுதி வாங்கிட்டு வந்து இவ மூஞ்சியில வீசலாம்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போனேன். ஒரு வாரம் அவ வீட்டுலதான் இருந்தேன். எனக்கு ஒரு வாரம் ஊரை உட்டு இருந்து பழக்கமே இல்லீங்க. படிச்சதும் எங்க ஊரு, கட்டிக்கிட்டதும் பக்கத்துப் பண்ணை. கருத்தரங்குன்னு எங்க போனாலும் மறுநாளு வீடு வந்து சேந்துருவேன். மதுரையில என்னமோ எல்லாமே எச்சா மணக்குது. காப்பி மணக்குது, சோப்பு மணக்குது, மல்லிப்பூ மூச்சு முட்டுது. அந்த ஊருத் தண்ணி அப்படியாட்ட இருக்குது.

நீலம் வந்துச்சான்னு கேக்கறீங்க. வரல. நல்ல வெயிலு, அதே பொடி, அதே மோட்டாரு. வெறுந்தண்ணியாட்டம் நின்னுச்சு. தெனமும் அப்படியே. சுந்தரவல்லி மோரு கரைச்சுக் குடுத்தா. அவளும் ஒரு மாதிரிதான் பாக்கறா. சரி, காத்துல ஈரம் கம்மி, இல்லைன்னா பொடி பழசாயிருச்சு. எதோ ஒண்ணு. நாளைக்கு எங்க மாடியில வச்சா வரும், வந்தே தீரும். ஆனா அதுக்கு முன்னால, விடிஞ்சதும் மொத வேலை அந்தத் திருநெல்வேலி மேடத்துக்குப் போன். உப்புத் தின்ன வீட்டுக்கு ரெண்டகம் பண்றவ, சேத்துக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் பல்லே வெளக்குவேன்.

பரமத்தி தாண்டிட்டோமுங்களா? இனி பக்கந்தான். வெயிலு எறங்கிருச்சு, சன்னலைத் தொறந்து உடுங்க, நல்ல காத்து வரட்டும்.

என்னுங்க அது? யாரோ என்னமோ தொறந்துட்டாங்க. உங்களுக்குத் தெரியலியா? மூக்குல ஏறுது. ஏனுங்க கண்டக்டரே, பஸ்ஸுல என்ன லோடு ஏத்தியிருக்கறீங்க? ஒண்ணும் இல்லியா? அப்பறம் என்ன இது, அமோனியா பாட்டில் ஒடைஞ்ச மாதிரி. எம் பெட்டிதான் ஒழுகுதா? இல்ல, இது காலியா இருக்குது. கழுவித்தான் வச்சேன்.

என்ன சொல்றாரு அவரு? கீரம்பூர் வந்துருச்சுன்னா? எங்க பக்கத்துக் கோழிப்பண்ணைங்க ஆரம்பிக்கற எடந்தானே, வந்தா என்ன?

என்னுங்க சொல்றீங்க. எப்பவுமா? எப்பவும் இங்க வந்தா இப்படித்தானா? பொய் சொல்லாதீங்க. நான் இந்த ரோட்டுல எத்தனை தடவ வந்திருக்கறேன்.

சித்த இருங்க. பேசாம இருங்க.

எத்தனை மாசமா மகளைப் பாக்க வந்துட்டு இருக்கறீங்க? ஒவ்வொரு தடவையும் தெரியுமா? யாருகிட்டயாவது சொல்லியிருக்கறீங்களா? மரியாதையா இருக்காதுன்னு சொல்லலியாக்கும். சரி. எங்க கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரை எத்தனை சனம். காலேஜுக்கு வந்த வெளியூர் புரொபசருங்க எத்தனை பேரு. எங்க வீட்டுல வந்து சாப்புட்டு, நல்லாருக்குதுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்களே, அத்தனை பேரும் மரியாதைக்காரங்கதானா? ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஏனுங்க, கொஞ்ச நேரம் முன்னால எங்க ஊருல வாடையே இல்லைன்னு நான் சொன்னப்ப நீங்களும்தானே தலையாட்டுனீங்க. உங்களைத் திட்டல. ஆனா சொல்லியிருக்கலாம் நீங்க.

அவ பொட்டியை எறக்கறதுக்கு முன்னாலயே கேட்டாளுங்க. வாசல்ல நின்னுட்டு.

மணி என்ன ஆச்சு? அந்த மேடம் இன்னும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டாங்க. காலையில வரைக்கும் வேண்டாங்க. வீட்டுக்குப் போயி, குளிச்சு, சோறு தின்னு படுத்தனா, காலையில எந்திரிக்கறப்ப எனக்கு இந்த வாடை தெரியாது. மறுபடியும் நல்ல காத்தாயிரும். கோபம் மட்டுந்தான் இருக்கும். என்னை எனக்குத் தெரியும். பெட்டியைச் சித்தப் புடிங்க, நான் போனை எடுக்கறேன்.

மேடம், வணக்கங்க. நாமக்கல்லு, பூங்கோதை பேசறேன். ஆமாங்க, காலையிலன்னுதான் சொன்னேன், இப்பவே சொல்லிடறேன். பஸ்ஸு சத்தம், கேக்குதுங்களா? அந்தப் பொண்ணைச் சேத்துக்கங்க. ஆமாங்க, ஷெர்லினைத்தான். இல்லீங்க, சண்டை உண்மைதான், ஆத்திரம் எனக்கு இப்பவும் இருக்குது. அது வேற. அவ எழுதுனது சரி, என்ற பேப்பருதான் தப்பு. மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நாளைக்குக் காலையில நானே மறுபடியும் கூப்புட்டு வேற மாதிரிச் சொல்லுவேன். சொன்னாலும் சொல்லுவேன். அதைக் காதுல போட்டுக்காதீங்க.